நிலையான நெஞ்சுவலிக்கு ஸ்டென்ட் ஆயுளைக் கூட்டுமா?

கேள்வி: வேகமாக நடக்கும்போது மட்டும் நெஞ்சுவலி வரும் என் தந்தைக்கு, டிரெட்மில் பரிசோதனையில் இதயத்துக்கு இரத்த ஓட்டம் குறைவது தெரிந்தும், மருத்துவர் முதலில் மாத்திரைகளே போதும் என்கிறார். ஸ்டென்ட் (அடைபட்ட தமனியைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைப்பதைத் தள்ளிப்போட்டால் உயிருக்கு ஆபத்தில்லையா?

மறுமொழி 1: உங்கள் அச்சம் இயல்பானதே. 2020இல் வெளியான ‘இஸ்கீமியா’ (ISCHEMIA) என்ற மருத்துவ ஆய்வு இதே கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. 37 நாடுகளைச் சேர்ந்த 5,179 நோயாளிகளில் ஒரு பாதியினருக்குத் தொடக்கத்திலேயே ஆஞ்சியோகிராம் செய்து, தேவைக்கேற்ப ஸ்டென்ட்டோ பைபாஸோ அளித்தார்கள். மறுபாதியினருக்கு மருந்துகளையே முதன்மையாக வைத்தார்கள். சுமார் மூன்று ஆண்டுகள் கண்காணித்தபோது முதல் பிரிவில் 145 பேரும் இரண்டாம் பிரிவில் 144 பேரும் இறந்திருந்தனர். ஆனால் அடிக்கடி வலியால் அவதிப்பட்டவர்களுக்கு முதல் வழியே கூடுதல் நிவாரணம் தந்தது. அதைச் சிறிய பயன் என்று நான் கருதமாட்டேன்.

மறுமொழி 2: ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதயத்துக்கு இரத்தம் தரும் இடது பிரதானத் தமனியில் கடும் அடைப்பு உள்ளவர்களும், இதயத்தின் இரத்தம் வெளியேற்றும் திறன் 35 விழுக்காட்டுக்குக் கீழே உள்ளவர்களும், அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. ஆகவே இந்த மூன்றில் எதுவும் தந்தைக்கு இல்லை என்பதை மருத்துவரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். மேலும், அதே நோயாளிகளின் தரவுகளைப் பின்னர் ஆராய்ந்தபோது, பிற்கால மரணத்தை முன்கணிப்பதில் இரத்த ஓட்டக் குறைவின் அளவைவிட, சி.டி. படத்தில் தெரிந்த தமனி அடைப்புகளின் பரவலே கூடுதலாக உதவியது.

மறுமொழி 3: மாத்திரை வழியைத் தேர்ந்தால் ஸ்டாட்டின் (இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை), இரத்த அழுத்தக் கட்டுப்பாடு, புகையை விடுதல் எதிலும் தளர்வு கூடாது. ஓய்விலிருக்கும்போதே வலி வந்தால் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.