ஹிப் ஹாப் பாட்டில் பார், ஹூக், வெர்ஸ் எல்லாம் எப்படி எண்ணுவது?

அரைவரி:
ரொம்ப காலமாக ஹிப் ஹாப் கேட்கிறேன், ஆனால் ஒரு பாட்டு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று யாராவது கேட்டால் முழிப்பேன். சினிமாப் பாட்டு என்றால் பல்லவி, இடையிசை, சரணம், மறுபடி பல்லவி என்று காதே பிரித்துக் கொடுத்துவிடுகிறது. ராப்பில் ஒருவர் மூச்சு விடாமல் அடித்துக்கொண்டே போகிறார், எங்கே ஒரு பகுதி முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்றே பிடிபடவில்லை. எங்கே பார்த்தாலும் "ஒரு பதினாறு பார் எழுது" என்கிறார்கள். பார் என்றால் ஒரு வரியா? அப்புறம் ஹூக்கே இல்லாத பாட்டும் இருக்கிறதே, அதற்கெல்லாம் அமைப்பு என்று ஒன்றும் கிடையாதா? நானும் நாலு வரி எழுதிப் பார்க்கலாம் என்று ஆசை, அதனால்தான் கேட்கிறேன்.

நாலுதட்டு:
பார் என்பது வரி இல்லை, கால அளவு. நான்கு தட்டு சேர்ந்தால் ஒரு பார், அவ்வளவுதான். பெரும்பாலான பீட்டில் (ராப்புக்குப் பின்னால் ஓடும் இசையில்) முதல் தட்டில் கிக் என்ற பெரிய ட்ரம் 'தும்' என்று விழும், இரண்டாவதிலும் நான்காவதிலும் ஸ்னேர் என்ற சின்ன ட்ரம் 'டக்' என்று விழும். பாட்டைப் போட்டுவிட்டு சொல்லைக் கவனிக்காமல் அந்த 'டக்'கை மட்டும் கேளுங்கள், இரண்டு டக் வந்தால் ஒரு பார் முடிந்தது. ஒரு பாரில் ஒரு வரி எழுதுவது வழக்கம் என்பதால்தான் இரண்டும் ஒன்று என்று தோன்றுகிறது.

இனி கணக்கு. 90 பிபிஎம் (நிமிடத்துக்கு 90 தட்டு) வேகத்தில் ஓடும் பாட்டில் ஒரு பார் சுமார் 2.7 நொடி. வெர்ஸ் 16 பார், அதாவது 43 நொடி. ஹூக் 8 பார், 21 நொடி. இன்ட்ரோ 4, ஹூக் 8, வெர்ஸ் 16, ஹூக் 8, வெர்ஸ் 16, ஹூக் 8, அவுட்ரோ 4 என்று கூட்டினால் 64 பார், மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. மூன்றாவது வெர்ஸ் வந்தால் நாலு நிமிடத்தை நெருங்கும். ஹூக் உங்கள் பல்லவி மாதிரி, வெர்ஸ் சரணம் மாதிரி என்று இப்போதைக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒரு வித்தியாசம்: சரணங்களுக்கு மெட்டு ஒன்றாக இருக்கும், இங்கே ஒவ்வொரு வெர்ஸுக்கும் ஃப்ளோவை, அதாவது சொல் தாளத்தில் ஓடும் விதத்தை, மாற்றினால்தான் மதிப்பு.

எண்ணிக்கை தவறினாலும் கவலை வேண்டாம். பகுதி மாறப்போகும் பாரின் கடைசி ஒன்றிரண்டு தட்டில் ட்ரம்ஸை வெட்டிவிடுவார்கள், ராப்பர் குரல் மட்டும் தனியாக நிற்கும், அடுத்த 'தும்' விழும்போது புதிதாக ஒரு பியானோவோ பேஸோ சேர்ந்து வரும். ஒரு தடவை காதில் பட்டுவிட்டால் அப்புறம் எல்லாப் பாட்டிலும் கேட்கும்.

பழைய ரெக்கார்டு:
மேலே சொன்ன கணக்கு சரிதான், ஆனால் அதிலிருந்து தொடங்கினால் ஹிப் ஹாப் புரியாது என்பது என் கருத்து. இந்த இசை பல்லவி, சரணத்திலிருந்து பிறக்கவே இல்லை. 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்கின் ப்ராங்க்ஸில் செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் கட்டடத்தில் டிஜே கூல் ஹெர்க் தன் தங்கைக்காக நடத்திய பார்ட்டியைத்தான் எல்லோரும் தொடக்கமாகச் சொல்வார்கள். பாடகர் நிறுத்தி ட்ரம்ஸ் மட்டும் ஓடும் துண்டு வரும்போதுதான் கூட்டம் அதிகமாக ஆடுகிறது என்று கவனித்தவர் அவர். அந்தத் துண்டுக்குப் பெயர் ப்ரேக். அது சில நொடிதான் இருக்கும். ஒரே ரெக்கார்டின் இரண்டு பிரதிகளை இரண்டு டர்ன்டேபிளில் வைத்து, ஒன்றில் ப்ரேக் முடிவதற்குள் மற்றொன்றில் ஆரம்பத்துக்குப் போய்விடுவார், அதனால் ப்ரேக் நிற்காமல் ஓடும். அதன் மேல் மைக்கில் பேசியதுதான் ராப்.

அதனால் அடித்தளம் லூப். பாட்டு முழுக்க கீழே ஒரே இரண்டு பார் அல்லது நான்கு பார் சுற்றிக்கொண்டே இருக்கும். 1979இல் வந்த 'ராப்பர்ஸ் டிலைட்' என்ற ராப் பாட்டின் நீளமான பதிப்பு 14 நிமிடத்துக்கு மேல், மூன்று பேர் மாறி மாறி மைக்கைப் பிடிக்கிறார்கள், இன்றைய 16-8-16 கணக்கெல்லாம் அதில் பார்க்க முடியாது. பிறகு ரேடியோவும் ஆல்பமும் வந்துதான் ஹூக் இந்த அளவுக்கு முக்கியமானது. கருவிக்கும் பங்கு உண்டு: 1987இல் வந்த எஸ்பி-1200 என்ற சாம்ப்ளர் கருவி மொத்தமே பத்து நொடி சாம்பிள்தான் (வேறு ரெக்கார்டிலிருந்து எடுத்த ஒலித்துண்டு) தாங்கும், அதற்குள் ட்ரம்ஸும் மெலடியும் அடங்க வேண்டும் என்றால் வேறு வழியில்லை, சின்னதாக வெட்டிச் சுற்றவிட வேண்டியதுதான். (நிமிடத்துக்கு 33 சுற்று வேகத்தில் ஓடவேண்டிய ரெக்கார்டை 45 சுற்று வேகத்தில் ஓட்டிப் பதிந்து, பிறகு வேகத்தைக் குறைத்து நொடிகளைச் சேமித்தார்கள். அந்தக் காலத்துப் பாட்டுகளில் கேட்கும் கரகரப்பு அப்படி வந்ததுதான், எனக்கு இன்றைக்கும் அதுதான் பிடிக்கும்.)

கூட்டுக்குரல்:
ஹூக் இல்லாத பாட்டு பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதிலும் எண்ணிக்கை உண்டு. எட்டு எட்டு பாராகப் பிரித்துக் கேட்டுப் பாருங்கள், பேச்சு அங்கேதான் திரும்பும், அல்லது பீட்டில் ஏதாவது சேரும், குறையும். அப்படி எதுவுமே இல்லாமல் ஐந்து நிமிடம் ஓடினால் ராப்பர் பயங்கரமான ஆளாக இருக்க வேண்டும், இல்லையென்றால் போர் அடிக்கும்.

அரைவரி:
டக் எண்ணும் விஷயம் உடனே வேலை செய்தது, நன்றி. ஆனால் எழுதும்போது இடிக்கிறது. கடைசிச் சொல்லை ஒத்து வரும்படி எழுதினால் எல்லாம் பள்ளிக்கூட விழாப் பாட்டு மாதிரி இருக்கிறது.

நாலுதட்டு:
சொல் எந்தத் தட்டில் விழுகிறது என்று பார்க்காமல் எழுதினால் அப்படித்தான் ஆகும். இதோ இப்போது கட்டிய இரண்டு பார்:

ரோட்டுல / நடந்தேன் / வெயிலு தலைய / சுட்டது
பாட்டுல / எழுதினேன் / பழைய கோபம் / விட்டது

சாய்கோடு பிரிக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தட்டு. ரோட்டுல, பாட்டுல என்ற எதுகை முதல் தட்டில் கிக் மேல், சுட்டது, விட்டது என்ற இயைபு நான்காவது தட்டில் ஸ்னேர் மேல். தப்பில்லை, ஆனால் அடுத்த வரி எப்படி முடியும் என்று கேட்பவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும், நீங்கள் சொல்லும் விழாப் பாட்டு வாடை அதுதான். இரண்டாவது பாரை இப்படி மாற்றுகிறேன்:

பாட்டுல / எழுதினேன் / விட்டது கோபம் / ஆனா
கெட்டது / தூக்கம் / ...

இப்போது 'விட்டது' நான்காம் தட்டிலிருந்து மூன்றாம் தட்டுக்கு வந்துவிட்டது. ஸ்னேர் மேல் 'ஆனா' தொங்குகிறது, வாக்கியம் பாரின் எல்லையைத் தாண்டி அடுத்த கிக்கில் 'கெட்டது' என்று இறங்குகிறது. ஒலி ஒன்றேதான், விழும் இடம்தான் வேறு. 1980களின் பிற்பகுதியில் ரக்கிம் என்ற ராப்பர் இதைப் பெரிய அளவில் செய்து காட்டினார், அதற்கு முன்னும் பின்னும் வந்த ராப்பைக் கேட்டாலே வித்தியாசம் தெரியும்.

மூச்சு வாங்கவும் இடம் விடுங்கள். நாலு பாருக்கு ஒருமுறை அரைத் தட்டாவது காலியாக இருக்கட்டும். ரெக்கார்டிங்கில் அந்த இடத்தில்தான் ஆட்-லிப் (இடையில் போடும் சின்னக் கூவல், சொல்) போட்டு நிரப்புவார்கள்.

அரைவரி:
இது புரிகிறது. கடைசியாக ஒன்று. ட்ராப் என்ற ஹிப் ஹாப் வகையில் ஒரு பீட் எடுத்தேன், 140 பிபிஎம் என்று போட்டிருக்கிறது, ஆனால் கேட்க மெதுவாக இருக்கிறது. டக்கும் ஒரு பாருக்கு ஒன்றுதான் வருகிறது.

கூட்டுக்குரல்:
ட்ராப்பில் அப்படித்தான். 140இல் எண்ணினால் ஸ்னேர் மூன்றாவது தட்டில் மட்டும் விழும். ஹை-ஹேட் என்ற சின்னத் தாளத்தட்டுதான் 140க்கு ஓடும், தலை ஆடுவது 70க்கு. 70 என்றே எண்ணுங்கள், பழையபடி இரண்டிலும் நான்கிலும் டக் வந்துவிடும், நாலுதட்டு எழுதிக் காட்டிய வரியும் அப்படியே உட்காரும்.