அந்தரத்துக் கதவுக்கு ஒரு சொல் வேண்டும் (அவசரம்)

அனைவருக்கும் வணக்கம்.

இங்கிலாந்தின் லங்காஸ்டரில், லூன் ஆற்றங்கரையில் உள்ள 18ஆம் நூற்றாண்டுக் கற்கிடங்குகளைப் பற்றிய கட்டுரையை மொழிபெயர்க்கிறேன். நாளை மாலை கொடுத்தாக வேண்டும். மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரை, ரம், மகோகனி மரம், 1764இல் ரிச்சர்ட் கில்லோ வடிவமைத்த சுங்க மாளிகை எல்லாம் ஓடிவிட்டன. ஒரு கதவில் மாட்டிக்கொண்டேன்.

ஆற்றைப் பார்த்த முன்சுவரில் தளத்துக்கொரு கதவு, ஒன்றன்மேல் ஒன்றாக. திறந்தால் படி இல்லை, பால்கனி இல்லை, வெறும் காற்று. உச்சியில் சுவரைவிட்டு நீளும் ஒரு விட்டம், அதில் கப்பி, கயிறு. மூட்டை மேலே வந்ததும் உள்ளே நிற்பவர் எட்டி இழுத்துக்கொள்வார். 'தூக்குவாசல்' என்று போட்டிருக்கிறேன். சரியா?
செ.

---

தம்பி, தூக்குமேடைக்கு வழி காட்டுவதுபோல் இருக்கிறது. 'ஏற்றுவாயில்' என்று போடுங்கள். வினைத்தொகை, முக்காலத்துக்கும் நிற்கும். பட்டினப்பாலையே 'நீரினின்று நிலத்து ஏற்றவும்' என்கிறது. வாசல் மரூஉ. 'இல்வாய்' முன்பின் மாறி 'வாயில்' ஆன அழகை ஏன் இழக்க வேண்டும்?

இன்னொன்று. கிடங்கு என்றால் முதலில் அகழி. திண்டிவனத்தை ஒட்டிய 'கிடங்கில்' என்ற பழைய ஊரின் கோட்டையை நினையுங்கள். தோண்டிய பள்ளம், பிறகு தானியக் குழி, பிறகு சரக்கறை. மலாய்க்காரர்களின் 'குடாங்', வெள்ளைக்காரர்களின் 'கோடவுன்' எல்லாம் இந்தப் பக்கத்திலிருந்து போனவைதான். பள்ளத்தைக் குறித்த சொல் ஐந்து மாடிக் கட்டடத்துக்கு ஏறியிருக்கிறது பாருங்கள்!
நி.

---

ஐயா, கிடங்கு ஏறியது இருக்கட்டும், கதவு இன்னும் அந்தரத்தில்தான் தொங்குகிறது. 'ஏற்று' என்றதும் ஏற்றுமதிதான் நினைவுக்கு வரும். இங்கே வந்ததோ பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கு.

எங்கள் தூத்துக்குடிப் பக்கம் கிட்டங்கி என்போம். அங்கே வேலை செய்பவரிடம் படத்தைக் காட்டினால் 'சரக்குவாசல்' என்பார். போதாதா? வாசலில் கோலம் போடுகிற தமிழர் யாரும் அதை மரூஉ என்று நினைத்து வருந்துவதில்லை.

அந்தச் சர்க்கரை அடிமைகளின் உழைப்பு. லங்காஸ்டரிலிருந்தே அடிமைக் கப்பல்கள் போயிருக்கின்றன. கட்டுரையில் அது இருக்கிறதா?
வ.

---

இருக்கிறது அக்கா, இரண்டு பத்தி.

விட்டத்துக்குக் 'கப்பிவிட்டம்' போடலாமா?
செ.

---

வேண்டவே வேண்டாம். கல் கட்டடம் என்று தொடங்கிவிட்டுக் கப்பி என்றால் கப்பி ரோடு போடும் ஜல்லி என்றுதான் படிப்பார்கள். 'உருளைவிட்டம்'.
நி.

---

உருளை என்றால் கிழங்கு, ஐயா. யாழ்ப்பாணத்தில் கிணற்றடிக்குப் போய்க் கேளுங்கள், கப்பி என்றால் எல்லாருக்கும் தெரியும்.
க.

---

எங்கள் வீட்டுக் கிணற்றில் அது ராட்டினம்.
வ.

---

மணி பன்னிரண்டு ஆகிறது. 'சரக்குவாசல்' என்று வைத்துவிட்டேன், மூன்று பேர் சம்மதம். விட்டத்துக்குச் சொல் ஆக்கவில்லை, 'கப்பி தொங்கும் விட்டம்' என்றே விரித்து எழுதிவிட்டேன். நன்றி.
செ.

---

வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் 'சரக்குவாசல்' என்றால் தரைத்தளத்தில் வண்டி நிற்கும் வாசலும் அதுதானே? மேலே இருப்பதை எப்படிப் பிரிப்பீர்கள்? ஏற்றுவாயிலை நான் இன்னும் கைவிடவில்லை.
நி.