பேட்டை அளவில் நிலையான அறநிதி அமைக்க முடியுமா?

பெரம்பூர்வாசி:
2015 வெள்ளத்தின்போது எங்கள் தெருவினர் சேர்ந்து அரிசி, பாய், போர்வை எனத் திரட்டிக் கொடுத்தோம். தண்ணீர் வடிந்ததும் அந்த ஒற்றுமையும் வடிந்துவிட்டது. இப்போது பகுதி மாணவர்களின் கல்லூரிக் கட்டணத்துக்கு நிலையான நிதியொன்றை அமைக்க விரும்புகிறோம். பிறருடைய அனுபவத்திலிருந்து எதைக் கற்கலாம்?

ஓய்வுபெற்ற வழக்கறிஞர்:
நம் ஊரிலேயே பாடம் இருக்கிறது, ஐயா. 1794-இல் மறைந்த பச்சையப்ப முதலியார் அறப்பணிகளுக்கென விட்டுச்சென்ற செல்வம் நெடுங்காலம் வழக்கில் சிக்கி, 1832-இல் அன்றைய சென்னை சுப்ரீம் கோர்ட் அளித்த தீர்ப்புக்குப் பிறகே ஒழுங்குக்கு வந்தது; அதிலிருந்து முதல் பள்ளி எழ 1842 ஆயிற்று. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 1914-இல் பிரெடரிக் காஃப் தொடங்கிய அறநிதியோ, பலரின் கொடைகளை ஒன்றாக்கி, ஒரு நோக்கம் காலாவதியானால் அப்பணத்தை வேறு தேவைக்குத் திருப்பும் அதிகாரத்தை உள்ளூர்க் குழுவிடம் விட்டது. ஆகவே உங்கள் அறக்கட்டளைப் பத்திரத்தில் நோக்கமாக 'கல்லூரிக் கட்டணம்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

கணக்காளர்:
வரிவிலக்குப் பெறும் அறக்கட்டளை, ஆண்டு வருமானத்தில் 85 விழுக்காட்டைப் பொதுவாக அறப்பணிக்கே செலவிட வேண்டும். ஆகவே மூலநிதிக்கென, அதாவது செலவிடாமல் வைத்து அதன் வருவாயை மட்டும் பயன்படுத்தும் முதலுக்கெனத் தருபவர்களிடம், 'இது மூலநிதிக்கு' என்று எழுத்தில் வாங்கி, அத்தொகை இந்த ஆண்டு வருமானத்தோடு கலக்காதபடி தனிக் கணக்கில் முதலீடு செய்யுங்கள். இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

பெரம்பூர்வாசி:
மிக்க நன்றி. சார்பதிவாளர் அலுவலகத்துக்குச் செல்லுமுன் பத்திர வரைவை இங்கே பதிகிறேன். இருவரும் பார்த்துத் திருத்த வேண்டுகிறேன்.