முதல் நர்சிங் வேலை: உடனே சேர்வதா, தேர்வுக்குக் காத்திருப்பதா?

மருதம்பூ எழுதியது:

மூத்த செவிலியர்கள் அனைவருக்கும் வணக்கம். பி.எஸ்சி. நர்சிங் முடித்து, தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவும் செய்துவிட்டேன். சொந்த ஊர் பெரம்பலூர் பக்கம். அருகில் உள்ள நாற்பது படுக்கைகள் கொண்ட ஒரு தனியார் மருத்துவமனையில் உடனே சேரச் சொல்கிறார்கள். ஆனால் அசல் சான்றிதழ்களை ஒப்படைத்துவிட்டு, இரண்டு ஆண்டு வேலையை விட மாட்டேன் என்ற பாண்டில் கையெழுத்திட வேண்டுமாம். வீட்டிலோ வேலைக்கே போகாமல் ஒரு வருடம் நார்செட் (எய்ம்ஸ் நர்சிங் ஆபீசர் பணிக்கான தேர்வு) பயிற்சி வகுப்பில் சேரச் சொல்கிறார்கள். இவை இரண்டையும் விட என்னை அதிகம் அலைக்கழிப்பது வேறொன்று. என்னுடன் படித்த இருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்து, தொடர் இரவுப் பணியையும் நோயாளிகளின் உறவினர்கள் பேசிய பேச்சையும் தாங்க முடியாமல், சில மாதங்களிலேயே வேலையை விட்டு வந்துவிட்டார்கள். நன்றாகப் படிப்பவர்கள் அவர்கள். எனக்கு மட்டும் மனம் தாங்கிவிடுமா என்ற பயம் இருக்கிறது. எப்படித் தயாராவது என்று சொல்லுங்கள்.

வார்டு இன்சார்ஜ், மதுரை எழுதியது:

சிஸ்டர், அசல் சான்றிதழ்களை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். சரிபார்ப்புக்குக் காட்டி, நகல் கொடுத்து, அசலைக் கையோடு திரும்ப வாங்கிவிடுங்கள். அசல் உங்களிடம் இல்லையென்றால் நாளை வேறு நேர்காணலுக்கும் போக முடியாது, கவுன்சில் வேலைகளுக்கும் அலைய நேரும்.

நேர்காணலில் அவர்கள் உங்களைக் கேட்பதைப் போலவே நீங்களும் கேட்கலாம். இரவுப் பணியில் ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள், தனியாகப் பொறுப்பு ஏற்கும் முன் எத்தனை வாரம் மூத்தவருடன் நிற்க விடுவார்கள், ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசிக்கு ஏற்பாடு உண்டா என்ற மூன்றையும் கட்டாயம் கேளுங்கள். இவற்றுக்குத் தெளிவான பதில் சொல்லாத இடம் இரண்டாயிரம் ரூபாய் கூடுதலாகத் தந்தாலும் முதல் வேலைக்கு உகந்ததல்ல என்பது என் உறுதியான கருத்து. முதல் வருடத்தில் கற்றுக்கொடுக்க ஆள் இருப்பதுதான் முக்கியம். சம்பளம் பின்னால் கூடும்.

நேர்காணல் குழுவில் நானும் உட்காருவதுண்டு. 500 மில்லி திரவத்தை எட்டு மணி நேரத்தில் ஏற்ற நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று கேட்போம். ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் டிரிப் செட் (திரவம் ஏற்றும் குழாய்) என்றால் ஏறக்குறைய 21 சொட்டு. விடையைவிட, செட்டின் அளவை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்பவரையே நாங்கள் கவனிக்கிறோம். அடுத்து பொட்டாசியம் குளோரைடு. அதை நீர்க்காமல் நேராக ரத்தக் குழாயில் செலுத்தினால் இதயமே நின்றுவிடும். எப்போதும் திரவத்தில் கலந்து, மெதுவாக, இன்னொரு செவிலியர் சரிபார்த்த பிறகே தொடங்க வேண்டும். இதைத் தயக்கமில்லாமல் சொல்பவரிடம் மதிப்பெண் பட்டியலை நான் அவ்வளவாகப் புரட்டிப் பார்ப்பதில்லை.

நர்சிங் ஆபீசர் 7 எழுதியது:

நார்செட் எழுதித் தேர்வாகி, மத்திய அரசு மருத்துவமனை ஒன்றில் பணிபுரிகிறேன். வேலையை முழுதாகத் தவிர்த்துவிட்டுப் படிக்கும் யோசனையில் எனக்கு உடன்பாடில்லை. எய்ம்ஸ் நர்சிங் ஆபீசர் பணிக்கு பி.எஸ்சி. முடித்தவர்களிடம் முன் அனுபவம் கேட்பதில்லை என்பது உண்மைதான் (டிப்ளமோ படித்தவர்களுக்குத்தான் ஐம்பது படுக்கைக்குக் குறையாத மருத்துவமனையில் இரண்டு ஆண்டு அனுபவம் வேண்டும்). ஆனால் அந்தத் தேர்வின் கேள்விகளில் பல வார்டில் நின்றவர்களுக்கு எளிதில் பிடிபடும் வகையைச் சேர்ந்தவை. தேர்வும் பெரும்பாலும் ஆண்டுக்கு இருமுறை நடப்பதால், ஒரே முயற்சியில் எல்லாவற்றையும் பணயம் வைக்க வேண்டியதில்லை. தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் குறையும் என்பதை மனத்தில் வைத்துப் பயிற்சி செய்யுங்கள். தேர்வானால் அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய். எம்.ஆர்.பி. (தமிழக மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) வழியாக வரும் மாநில அரசுப் பணியையும் விட்டுவிடாதீர்கள். ஆனால் அதில் முதலில் தொகுப்பூதியம்தான், காலமுறை ஊதியத்துக்குக் காத்திருக்க வேண்டும் என்று தெரிந்தே விண்ணப்பியுங்கள்.

பின்னாளில் வெளிநாடு போகும் எண்ணம் வந்தால், தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் முதலில் விசாரியுங்கள். தனியார் ஏஜென்ட் என்றால், இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் மட்டுமே, லட்சக்கணக்கில் கேட்பவரிடமிருந்து அப்படியே எழுந்து வந்துவிடுங்கள்.

மனநலச் செவிலியர் எழுதியது:

உங்கள் தோழிகளின் மனம் பலவீனமானது என்று நான் நினைக்கவில்லை. புதிதாக வந்தவரிடம் மூத்தவர் துணையில்லாமல் வென்டிலேட்டர் நோயாளிகளை ஒப்படைத்து, விடுமுறையும் தராமல் இரவுப் பணி போட்டால் யாராக இருந்தாலும் உடைந்துபோவார்கள். ஆகவே தாங்கும் திறன் என்பதை உங்கள் குணத்தில் மட்டும் தேடாதீர்கள். அதில் பெரும்பங்கு எங்கே, யாருடன் வேலை பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

உங்கள் கையில் இருக்கும் பங்கைச் சொல்கிறேன். பணி மாறும்போது நோயாளியின் படுக்கையருகிலேயே நின்று ஒப்படைப்பு வாங்குங்கள். ஊசிக் குழாய் போட்ட இடம் சிவந்திருக்கிறதா, சிறுநீர்ப் பையில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது, எந்த மருந்து பாக்கி என்பதைக் கண்ணால் பார்த்துக் குறித்துக்கொண்டால், வீட்டுக்குப் போன பிறகு 'எதையாவது விட்டுவிட்டோமோ' என்று மனம் அரிப்பது பெருமளவு குறையும். சந்தேகம் வந்தால் அந்த நொடியே கேளுங்கள். பயன்படுத்திய ஊசி குத்திவிட்டால் அந்த இடத்தைப் பிதுக்காமல் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, உடனே அறிக்கை எழுதுங்கள், எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைச் சில மணி நேரத்துக்குள்ளும், எப்படியும் 72 மணி நேரத்துக்குள்ளும் தொடங்க வேண்டும் என்பதால், திட்டுவார்களோ என்று மறைப்பது ஆபத்து.

உறவினர் குரலை உயர்த்தினால் தனியாக நின்று பதில் சொல்லாதீர்கள். பணியில் உள்ள மருத்துவரையும் காவலரையும் அழையுங்கள். மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் 3 முதல் 10 ஆண்டுகள் வரை சிறை என்று 2008ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் சொல்கிறது. மாரடைப்புக்குச் சிகிச்சை செய்தும் ஒருவர் இறந்துபோகும் நாளில், அடுத்த வேலைக்கு ஓடுமுன் உடன் நின்றவர்களுடன் ஐந்து நிமிடமாவது பேசுங்கள். உறக்கமின்மையும் அழுகையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் தொலைபேசி மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

மருதம்பூ எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று அந்த மருத்துவமனைக்கு ஃபோன் செய்து கேட்டேன். இரவில் மூன்று தளங்களுக்கும் சேர்த்து இரண்டே செவிலியர்கள்தானாம். சான்றிதழ் விஷயத்திலும் இறங்கி வரவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். திருச்சியில் இரண்டு மருத்துவமனைகளுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். முதலில் பொது வார்டா, தீவிர சிகிச்சைப் பிரிவா, எதைக் கேட்பது நல்லது?

வார்டு இன்சார்ஜ், மதுரை எழுதியது:

பொது மருத்துவ வார்டைக் கேளுங்கள், சிஸ்டர். அங்கே ஆறு மாதம் நின்றால் பலவகை நோயாளிகளையும் பார்த்துவிடுவீர்கள். ஒருவர் மோசமாவதற்கு முன் மூச்சும் நாடியும் எப்படி மாறத் தொடங்கும் என்பது பழகிவிடும். அதன்பிறகு ஐ.சி.யு.வுக்கு மாற்றம் கேளுங்கள். விண்ணப்பத்தில், படிப்புக் காலத்தில் எந்தெந்தப் பிரிவில் எத்தனை வாரம் நின்றீர்கள், எந்தச் செய்முறைகளை நீங்களே செய்தீர்கள் என்று லாக் புத்தகத்தைப் பார்த்து எழுதுங்கள். பிழை இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் இங்கேயே பதிவிடுங்கள், படித்துச் சொல்கிறேன்.