அப்பா சின்னவர், மகன் பெரியவன்: கிறிஸ்துமஸ் குறும்படத்துக்குப் பச்சைத் துணியா, கேமரா தந்திரமா?

தக்கலை_திரை:
மக்களே, பங்குக் கோவிலில் கிறிஸ்துமஸ் இரவு திரையிட 12 நிமிட நகைச்சுவைக் குறும்படம் ஒன்று தயாராகிறது. கதை இதுதான். ரப்பர் பால் வெட்டும் அப்பா. மகன் எதைச் சொன்னாலும் "சின்னப் பய, சும்மா இருடே" என்று வாயை அடைப்பவர். கேரல் ரவுண்டுக்குக் கிறிஸ்துமஸ் தாத்தாவின் கோட்டு மாட்டியதும் மகன் உயரத்தில் பாதியாகச் சுருங்கிவிடுகிறார். ஐந்தாம் வகுப்புப் பையன் அவரைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போகவேண்டும்.

கூடவே வரும் 18-55 மி.மீ. ஜூம் லென்ஸ் போட்ட ஏபிஎஸ்-சி (நடுத்தர சென்சார்) கேமரா ஒன்று, சட்டையில் குத்தும் மைக் இரண்டு, ஷூட்டிங் இரண்டு நாள். இரண்டு பேரையும் பச்சைத் துணி முன்னால் தனித்தனியாக எடுத்து, மென்பொருளில் பச்சையை வெட்டிவிட்டு ஒரே பின்னணியில் ஒட்டிவிடலாம் என்று நினைக்கிறோம். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

கருங்கல்_கோணம்:
மறுப்பு இருக்கு தம்பி. இதே அப்பா மகன் அளவு வித்தியாசத்தைத்தான் 2003இல் வந்த 'எல்ஃப்' படத்தில் ஜான் ஃபேவ்ரோ செய்தார். ராட்சத மகன் வில் ஃபெரல், குள்ள வளர்ப்பு அப்பா பாப் நியூஹார்ட். வட துருவக் காட்சிகளில் மகனுக்குச் சின்ன அளவு செட் கேமராவுக்குப் பக்கத்தில், அப்பாவுக்குப் பெரிய அளவு செட் தள்ளி. இரண்டும் ஒரே ஃபிரேமில் ஒட்டி நிற்கும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நடிப்பதால் சிரிப்பின் தாளம் கெடவில்லை. தனித்தனியாக எடுத்தால் மகன் வசனத்துக்கு அப்பா முகம் எந்த நொடியில் சுருங்கவேண்டும் என்பது எடிட்டிங் மேசையில் யூகமாகிவிடும்.

கணக்கு எளிது. பெஞ்சில் உட்கார்ந்தால் பத்து வயசுப் பையனுக்குப் பலகைக்கு மேல் சுமார் 72 செ.மீ., பெரிய ஆளுக்கு 88. அப்பா மகனில் பாதியாக, அதாவது 36 செ.மீ. ஆளாகத் தெரிய தூர விகிதம் 88/36, அதாவது 2.44. மகன் 2.5 மீட்டரில், அப்பா 6.1 மீட்டரில். லென்ஸ் 18 மி.மீ., லென்ஸ் துளை எஃப் 8, ஃபோகஸ் 3 மீட்டரில் கையால் வைத்துப் பூட்டிவிடுங்கள். ஒன்றேகால் மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெளிவாக இருக்கும். 50 மி.மீ. போட்டால் இந்தத் தந்திரமே செத்துப்போகும், அதே எஃப் 8இல் இருவரில் ஒருவர் மங்குவார். ஆட்டோஃபோகஸ் கட்டாயம் அணைக்கணும், ஜூம் வளையத்தை டேப் ஒட்டி நிறுத்தணும்.

எல்லாரும் சறுக்குவது தரையில்தான். தூரத்தில் இருப்பவர் கால் ஃபிரேமில் மேலே ஏறித் தெரியும், குட்டு உடைந்துவிடும். ஒரே உயரப் பெஞ்சு இரண்டு எடுத்து, லென்ஸை உட்காரும் பலகையின் மட்டத்தில், அதாவது 45 செ.மீ. உயரத்தில், சாய்க்காமல் வையுங்கள். லென்ஸ் மட்டத்தில் இருக்கும் எதுவும் எவ்வளவு தள்ளிப் போனாலும் ஃபிரேமில் அதே கோட்டில்தான் விழும். அதனால் இரண்டு பலகையும் ஒன்றாகத் தெரியும். பலகை விளிம்பு தூரத்தில் மெலிந்து தெரியுமே, அதற்கு அப்பா பக்கம் தெர்மகோல் ஒட்டித் தடிமனாக்குங்கள். கீழே கால்களை மறைக்கக் குடில் வைக்கோல் போதும்.

குளச்சல்_எடிட்:
அண்ணே, கணக்கு சரி. ஆனா கேமராவை ஓர் அங்குலம் நகர்த்தினால் என்னாகும்? பெஞ்சு இரண்டாகப் பிரிந்துவிடும். 12 நிமிடமும் அசையாத ஷாட்டில் கேரல் ரவுண்ட் படம் எடுக்க முடியாது, அது ஊர் முழுக்க நடக்கிற கதை.

பார்வைக் கோடும் இருக்கு. அப்பா உண்மையில் மகனுக்கு 3.6 மீட்டர் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். மகன் நிஜ அப்பாவைப் பார்த்தால் கண் பின்பக்கம் திரும்பும், திரையில் சுவரைப் பார்ப்பதுபோல் இருக்கும். பக்கவாட்டில் வெறும் காற்றைப் பார்த்துப் பேசணும். பெரிய நடிகருக்கே சிரமம், பத்து வயசுப் பிள்ளையிடம் எதிர்பார்க்கலாமா? பச்சைத் துணி என்றால் அளவைப் பின்னால் மாற்றலாம். பாதி வேண்டாம், முக்கால் போதும் என்று எடிட்டிங்கில் தோன்றினால் சொடக்குப் போடும் நேரத்தில் மாறும்.

கருங்கல்_கோணம்:
பார்வைக்கு மூங்கில் கழி போதும். ஃபிரேமுக்கு வெளியே, மகன் உட்காரும் அதே தூரத்தில் ஒரு கழி நட்டு, திரையில் அப்பா முகம் தெரியும் உயரத்தில் சிவப்புத் துணி கட்டுங்கள். அப்பா தூரத்தில் எதிர்ப்பக்கம் இன்னொரு கழி, உயரமாக. பிள்ளைகள் துணியைப் பார்த்துப் பேசுவார்கள், "காற்றைப் பார்" என்றால்தான் குழம்புவார்கள்.

இனி உங்கள் துணிக்கு வருவோம். இது கிறிஸ்துமஸ் படம். ஜிகினாத் தாள், அலுமினியத் தாள் ஒட்டிய ஸ்டார், பஞ்சுத் தாடி. மினுங்குவது எல்லாம் பச்சையை வாங்கித் திருப்பிக் காட்டும், மென்பொருள் அதையும் சேர்த்து வெட்டும், ஸ்டாரில் ஓட்டை விழும். பஞ்சுத் தாடி அதைவிட மோசம். வெள்ளை, மெல்லிய இழை, ஓரம் முழுக்கப் பச்சை படியும். இந்தக் கேமராக்களின் வீடியோவில் நிறம் நாலு பிக்சலுக்கு (இரண்டுக்கு இரண்டு கட்டம்) ஒரு முறைதான் பதிவாகிறது, இழை இழையாக வெட்ட அது பத்தாது. கைபேசியில் பார்த்தால் தெரியாது. 12 அடி அகலத் திரையில் ஃபுல் எச்டி படத்தின் இரண்டு பிக்சல் என்பது சுமார் 4 மி.மீ. விளிம்பு.

குளச்சல்_எடிட்:
நடிகரைத் துணியிலிருந்து 8 அடி முன்னால் நிறுத்தி, துணிக்குத் தனியாக இரண்டு விளக்கு, ஆளுக்குப் பின்னாலிருந்து ஒரு விளக்கு கொடுத்தால் தாடியில் படிவது பெரும்பாலும் போகும். மிச்சத்தை நிறம் குறைத்துச் சரிசெய்யலாம். ஜிகினாவை அந்த ஷாட்டில் தவிர்த்துவிடலாம். பச்சையாக இருக்கும் வாழையும் மாவிலையும் பின்னணிக் காட்சியில்தான் வரும், துணி முன்னால் வராது, அதனால் அவை வெட்டுப்படாது.

உங்கள் முறையில் ஒலி என்ன ஆகும் என்று சொல்லவில்லையே. 6 மீட்டர் தள்ளி இருப்பவர் குரல் கேமரா மைக்கில் கிணற்றுக்குள்ளிருந்து வரும்.

கருங்கல்_கோணம்:
சட்டை மைக் இரண்டு இருக்கே, கோட்டு காலரில் ஒன்று, பையன் சட்டையில் ஒன்று. குரலை மட்டும் கீச்சென்று மாற்றிவிடாதீர்கள். உருவம் சின்னது, அதட்டல் பழைய அதட்டல், சிரிப்பு அங்கேதான் இருக்கு.

வெளிச்சத்தில் இன்னொன்று. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை முழுசா ஓய்ந்திருக்காது, வெயிலும் மேகமும் மாறி மாறி வரும். என் முறையில் மேகம் வந்தால் இரண்டு பேர் மேலும் ஒரே நேரத்தில் நிழல் விழும், யாருக்கும் தெரியாது. நீங்கள் பின்னணியை வெயிலில் எடுத்து, ஆளை உள்ளே விளக்கில் எடுத்தால் நிழலின் திசையே காட்டிக்கொடுக்கும். ரப்பர் தோட்டத்துக்குள்ளே மட்டும் வேண்டாம், இலை வழியே விழும் வெயில் புள்ளிகள் பக்கத்தில் இருக்கும் மகன்மேல் பெரிதாக, தள்ளி இருக்கும் அப்பாமேல் சிறிதாகத் தெரியும். காலையில் கட்டிட நிழல் நல்லது.

முளகுமூடு_வசனம்:
இரண்டு அண்ணன்மாரும் பாதி அளவை வேதவாக்காக எடுத்துக்கொண்டீர்கள். தப்பு அங்கேயே தொடங்குது. அப்பா மகனைவிடக் கொஞ்சம் குட்டை என்றால்தான் சிரிப்பு. இடுப்பளவு என்றால் அது பொம்மை, பார்ப்பவர் தந்திரத்தை ரசிப்பார், அப்பாவை மறந்துவிடுவார். தலையை நிமிர்த்தி மகனை அதட்டவேண்டிய நிலை வந்தால் போதும்.

பையன் 137 செ.மீ. என்றால் அப்பா 105 ஆகட்டும். அது நாலைந்து வயசுப் பிள்ளையின் உயரம். அப்படியானால் பின்னாலிருந்து எடுக்கும், நடக்கும், ஓடும் ஷாட் எல்லாவற்றுக்கும் அதே கோட்டைச் சின்னதாகத் தைத்து ஒரு குட்டிப் பிள்ளைக்குப் போட்டு எடுக்கலாம். கேமராவைத் தோளில் வைத்து ஓடலாம், துணியும் வேண்டாம், கழியும் வேண்டாம். பாதி உயரம் என்றால் 68 செ.மீ., நடக்கத் தெரிந்த பிள்ளையே கிடைக்காது.

கருங்கல்_கோணம்:
கொள்ளாம். அந்த அளவில் தூர விகிதம் 1.6க்குள் வந்துவிடும். மகன் 2.5 மீட்டர், அப்பா 4 மீட்டர். பொருளும் எளிதாகும். மகன் கையில் 9 செ.மீ. டம்ளர் என்றால் அப்பா கையில் 14 செ.மீ. டம்ளர், பாத்திரக் கடையிலேயே கிடைக்கும். பழைய விகிதத்தில் 22 செ.மீ. தேடி அலையணும். கைமாற்றுவது மட்டும் நேரடியாக முடியாது. மகன் டம்ளரை வைக்கோலுக்குப் பின்னால் இறக்க, அப்பா அதே நொடியில் பெரியதைத் தூக்கணும்.

ஒரு எச்சரிக்கை. குட்டிப் பிள்ளைக்கு உடம்பின் அளவுக்குத் தலை பெரிது. தொப்பியும் பின்பக்க முடியும் சேர்த்து மறைக்காவிட்டால் பிள்ளை என்று தெரியும். கழுத்துக்குக் கீழே கோட்டுக்குள் தோள்பட்டைப் பஞ்சு வைத்து அகலமாக்குங்கள்.

குளச்சல்_எடிட்:
அளவைக் குறைப்பதை ஏற்கிறேன். ஆனாலும் இரண்டு முகமும் தெரிய, உட்காராமல் நடந்து வரும் ஷாட் கதையில் இல்லையா? அதற்கு உங்களிடம் பதில் இல்லை.

தக்கலை_திரை:
ஒன்று இருக்கு அண்ணே. மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மேல் இரண்டு பேரும் எதிரே நடந்து வருவது. அப்பா முதல்முறை மகனிடம் மன்னிப்புக் கேட்கும் இடம்.

கருங்கல்_கோணம்:
அந்த இடத்தில் என் முறை பலிக்காது. பாலத்தின் பக்கச் சுவர் இரண்டும் தூரத்தில் குவியும் நேர்கோடு, அப்பா ஒன்றரை மீட்டர் பின்னால் வருகிறார் என்று அந்தக் கோடே சொல்லிவிடும். வைக்கோல் போட்டு மறைக்கவும் முடியாது.

குளச்சல்_எடிட்:
அதற்கு மட்டும் துணி. பாலத்தில் பையனை மட்டும் நடக்கவிட்டு எடுத்து வாருங்கள். லென்ஸ் உயரம், சாய்வு, தூரம், நேரம், வெயில் எந்தப் பக்கம் என்று ஐந்தையும் எழுதி வையுங்கள். அப்பாவைத் துணி முன்னால் அதே சாய்வில், 1.6 மடங்கு உயரத்தில் லென்ஸ் வைத்து, 1.6 மடங்கு தள்ளி நின்று எடுக்கணும். லென்ஸ் உயரத்தை மாற்ற மறந்தால் கால் தரையில் பதியாது, மிதக்கும். அந்த ஒரு ஷாட்டுக்குத் தாடி வேண்டாம். மன்னிப்புக் கேட்கும்போது தாடியைக் கழற்றிக் கையில் வைத்திருக்கட்டும்.

முளகுமூடு_வசனம்:
தாடியைக் கழற்றுவது வசனத்துக்கும் நல்லது அண்ணே. அப்போ "சின்னப் பய" என்கிற சொல் அப்பா வாயில் பாதியில் நிற்கட்டும், முழுசாச் சொல்லவேண்டாம். மாற்றி எழுதி அனுப்புகிறேன்.