'தொலை உயரமானி அமைவு' வேண்டாம், 'இரவல் அழுத்தம்' என்று சொல்லலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். நம் அகராதிக்கு 'ரிமோட் ஆல்டிமீட்டர் செட்டிங்' என்ற விமானத்துறைச் சொல்லுக்குத் தமிழ் தேடுகிறோம். அதற்கு வந்த யோசனை இது:

> ஆல்டிமீட்டர் உயரமானி, செட்டிங் அமைவு, ரிமோட் தொலை. 'தொலை உயரமானி அமைவு' என்று வைத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே?

போகலாம்தான், ஆனால் படிக்கிறவர் வேறொன்றைப் புரிந்துகொள்வார் என்பதுதான் என் கவலை. தொலைபேசி, தொலைக்காட்சி, தொலையுணர்வு என்று பழகிய காதுக்குத் 'தொலை' என்றதும், எங்கோ இருந்துகொண்டு இங்கே ஒன்றை இயக்குவது என்றுதான் படும். இங்கே நடப்பது அதுவல்ல. உயரமானி விமானியின் கண் முன்னே இருக்கிறது, அதைத் திருகி வைப்பதும் அவர்தான். இறங்கப்போகும் ஒதுக்குப்புற ஓடுதளத்தில் காற்றழுத்தத்தை அளந்து சொல்ல ஆளோ கருவியோ இல்லை, அல்லது கருவி இருந்தும் வேலை செய்யவில்லை. அதனால் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற இன்னொரு நிலையத்தில் அளந்த எண்ணை வாங்கி வைத்துக்கொள்கிறார்.

முதலில் 'அமைவு' என்ற சொல்லைப் பார்ப்போம். உயரமானி என்று பெயர் வைத்துவிட்டோம், ஆனால் அது அளப்பது உயரத்தை அல்ல, வெளிக்காற்றின் அழுத்தத்தை. முகப்பில் சின்னதாக ஒரு சாளரம், அதற்குள் 1013, 1008 என்று ஓர் எண், ஓரத்தில் ஒரு திருகு. திருகைத் திருப்பினால் எண் மாறும், கூடவே முள்ளும் நகரும். அந்த எண்ணின் அலகு ஹெக்டோபாஸ்கல், காற்றழுத்தத்தை அளப்பது. ஒரு ஹெக்டோபாஸ்கல் மாற்றினால் முள் ஏறத்தாழ 27 அடி நகரும். அமைவு என்று மட்டும் சொன்னால் கைபேசியிலும் அமைவு இருக்கிறது. இங்கே வைக்கப்படுவது ஓர் அழுத்தம் என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். ஆகவே 'அமைவழுத்தம்'.

> அப்படியானால் கியூ.என்.எச். என்பதையும் மொழிபெயர்க்க வேண்டியதுதானே?

வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கடல்மட்டத்துக்குக் கணக்கிட்ட அழுத்தத்தைக் குறிக்கும் அது எந்தச் சொற்றொடரின் சுருக்கமும் அல்ல, தந்திக் காலத்துக் குறியீடு, வானொலியில் பெரும்பாலான நாடுகளில் அப்படியே சொல்கிறார்கள். குறியீட்டைத் தொடக்கூடாது. அதை விளக்கும் இடத்தில் 'கடல்மட்ட அமைவழுத்தம்' என்று எழுதலாம்.

அப்புறம் 'இரவல்'. பேச்சுவழக்கு போல இருக்கிறது, 'அயல்நிலைய அமைவழுத்தம்' கண்ணியமாக இருக்கும் என்று ஒருவர் எழுதியிருந்தார். அயல் தவறில்லை, ஆனால் அது இடத்தை மட்டும் சொல்கிறது. இரவல் என்றால் இது நம்முடையதல்ல, முழுதாக நம்பக்கூடாது என்பதும் சேர்ந்து வருகிறது. இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தவள் கதை தெரியாத தமிழர் யார்? அந்த எச்சரிக்கைதான் விமானிக்கு வேண்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நானே ஒருமுறை இரவல் எண்ணோடு ஒரு சின்ன ஓடுதளத்தில் இறங்கியிருக்கிறேன். சாளரத்தில் 1012. நல்ல வெளிச்சம், தரை தெரிந்தது, பயப்பட எதுவும் இல்லை. விமானம் ஓடி நின்ற பிறகு முள்ளைப் பார்த்தால் 390 அடி, வரைபடத்தில் ஓடுதளத்தின் உயரமோ 310. தரையில் நின்றுகொண்டு 80 அடி உயரத்தில் மிதக்கிறேன் என்கிறது கருவி. முள் 310-க்கு வரும்வரை திருகினேன், சாளரத்தில் 1009 வந்து நின்றது. மூன்றே மூன்று ஹெக்டோபாஸ்கல். அதுவே இரவாக, மேகத்துக்குள்ளாக இருந்திருந்தால்?

தவறான எண்ணை வைத்தாலும் கருவி முணுமுணுக்காது, அதுதான் கொடுமை. 2022 மே மாதம் பாரிஸ் சார்ல் தெ கோல் விமான நிலையத்தில் 1001 என்பதற்குப் பதில் 1011 என்று விமானிகளுக்குச் சொல்லப்பட்டது. அந்த ஏர்பஸ் ஏறத்தாழ 280 அடி தாழ்வாக வந்து, ஓடுதளத்துக்கு முன்பே தரையிலிருந்து 6 அடி வரை இறங்கி, மறுபடி மேலேறியது. அவ்வளவு பெரிய நிலையத்திலேயே இந்தக் கதி.

எண் சரியாகவே இருந்தாலும் நேரம் கடந்தால் பழுதாகிவிடும். 1995 நவம்பரில் அமெரிக்காவின் பிராட்லி நிலையத்துக்குப் புயல் இரவில் வந்த விமானம் ஒன்று மேட்டு மரங்களில் மோதியது. அதில் இருந்த 78 பேரும் பிழைத்தார்கள். குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே போனதுதான் முதற்காரணம், ஆனால் அழுத்தம் வேகமாக விழுந்துகொண்டிருந்தபோது பழைய எண்ணையே வைத்திருந்ததும் சேர்ந்துகொண்டது. இதற்கு 'காலங்கடந்த அமைவழுத்தம்' என்று தனியாக ஒரு பதிவு வேண்டும். இரவல் என்பது இடத்தால் வரும் குறை, இது காலத்தால் வருவது, இரண்டையும் ஒரே சொல்லில் குழப்ப வேண்டாம்.

 

சரி, அகராதிக்கு என் வரைவு இது. திருத்துங்கள்.

இரவல் அமைவழுத்தம் (சுருக்கமாக இரவல் அழுத்தம்): இறங்கும் இடத்தில் அளந்த அழுத்தம் கிடைக்காதபோது வேறொரு நிலையத்திலிருந்து பெற்று உயரமானியில் வைக்கும் அழுத்தம், இதை வைத்து இறங்கும்போது குறைந்தபட்ச இறங்கு உயரத்தை அந்த ஓடுதளத்தில் இறங்குவதற்கான வரைபடத்தில் குறித்துள்ள அளவுக்குக் கூட்டிக்கொள்ள வேண்டும்.