மரப்பாடு: காட்டு மரங்கள் கூட்டமாகப் பட்டுப்போவதற்கு ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

காட்டில் ஏராளமான மரங்கள் ஒரே சமயத்தில் மடிவதைக் குறிக்க இதுவரை நம் குழுவில் முன்வைக்கப்பட்ட சொற்கள் மூன்று: நுனிக்கருகல், வறட்சிச்சாவு, வண்டழிவு. மூன்றையும் ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

நுனிக்கருகல் என்பது மிளகாய் பயிரிடுவோருக்குப் பழகிய நோய்ப்பெயர். கிளை நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்து வருவது அது. முழு மரமும் போவதை அதற்குள் திணிக்க வேண்டாம். மற்ற இரண்டும் காரணத்தைப் பெயரிலேயே ஏற்றிவிடுகின்றன. சிக்கலே அங்கேதான்.

கலிபோர்னியாவைப் பாருங்கள். 2012 முதல் 2016 வரை அங்கே கடும் வறட்சி. 2010-க்கும் 2017-க்கும் இடையில் அந்த மாநிலத்தில் மடிந்தவை சுமார் 12.9 கோடி மரங்கள் என்று அமெரிக்க வனத்துறை வான்வழிக் கணக்கெடுப்பில் மதிப்பிட்டது. பெரும்பகுதி சியரா நெவாடா மலைத்தொடரில். கொன்றது வறட்சியா, வண்டா? பைன் மரத்துக்குப் பிசின்தான் காவல். பட்டையைத் துளைக்கும் வண்டைப் பிசின் சுரந்து வெளியே தள்ளிவிடும். தண்ணீர் கிடைக்காதபோது மரம் இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. உணவு தயாரிப்பு குறைகிறது, பிசினும் குறைகிறது. அப்புறம் முதலில் நுழைந்த வண்டு மணம் பரப்பி மற்றவற்றைக் கூப்பிடுகிறது. கூட்டமாக வந்து பட்டைக்கு அடியில் குடைந்து முட்டையிடுகின்றன. உணவு கடத்தும் திசு சுற்றிலும் அறுபட்டுப் போகிறது. நல்ல மழைக்காலமாக இருந்தால் இதே வண்டு நலிந்த ஒருசில மரங்களோடு நின்றிருக்கும். இதில் ஒன்றை மட்டும் பெயரில் வைப்பது பாதிக் கதை.

சரி, மரம் சாவதைத் தமிழர் எப்படிச் சொல்கிறோம்? "பட்டுப்போச்சு" என்கிறோம். நின்றபடியே உயிர் போன மரம் பட்ட மரம். இவ்வளவு துல்லியமான வினை கையில் இருக்க, 'சாவு', 'அழிவு' என்று ஏன் தேடுகிறோம்?

படு என்பதன் தொழிற்பெயர் பாடு. கெடு கேடு ஆவதுபோல. எல் என்றால் ஞாயிறு; எற்பாடு என்றால் அது சாயும் பொழுது. அந்தப் 'பாடு' நமக்கு உதவும். ஆகவே என் பரிந்துரை: மரப்பாடு. தனி மரத்துக்குப் பட்டுப்போதலே போதும். காட்டளவில் நிகழ்வதற்கு மட்டும் இது. 'படல்' என்று முடித்தால் ஓலைப்படல் நினைவுக்கு வரும். 'பெரும்பாடு' என்று கூட்டினால் சித்த மருத்துவத்தில் அது மிகையான உதிரப்போக்கு.

பாடு என்றால் துன்பம் என்றும் படுமே என்று ஒருவர் கேட்கலாம். படட்டும். மரம் பட்ட பாடும் அதில் சேர்ந்தே ஒலிப்பதை நான் குறையாக நினைக்கவில்லை.

சொற்றொடரில் வைத்துப் பார்த்தேன்: "வறட்சிக்குப் பின் பட்டை வண்டுகளால் மரப்பாடு பரவியது." எனக்கு இடறவில்லை. வனத்துறையில் பணிபுரியும் நண்பர்கள், களத்தில் இதைச் சொல்ல வாய் வருகிறதா என்று எழுதுங்கள்.